மூன்றாம் பந்திக்கு முன்

இரவு பதினொன்றேகால்.
கழனிவாசல் வாடகை அறைக் குழாயடியில்
ஒரு வாளி, ஒரு வெள்ளைச் சட்டை,
பைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பார்.
என்னிடம் இருப்பது இந்த ஒரு சட்டைதான்.
நாளைக்குக் கானாடுகாத்தானில் கல்யாணம்.
பரிமாறுகிறவன் வெள்ளையாய் இல்லையென்றால்
அம்பது ரூபாய் பிடித்தம்.

பார் சோப்பு போட்டேன்.
மஞ்சள் சிவந்துவிட்டது.
எவனையோ குத்திவிட்டு வந்தவன்போல் நான் நிற்க,
படியேறிக்கொண்டிருந்த ஜபருல்லா
இரண்டு படி கீழே இறங்கினான்.
"மஞ்சப்பொடிடா" என்றேன்.
"சோப்பைக் கண்டா அதுக்கு வெக்கம் வந்துரும்" என்றான்.
செருப்புக்கடையில் வேலை. எல்லாம் தெரியும் அவனுக்கு.

வாழையிலையில் மடித்துக் கொண்டுவந்திருந்தேன்,
வரவேற்பில் பிழிந்தெறிந்த எலுமிச்சை மூடிகள் பதினான்கு.
அழகு மாஸ்டர் காகிதத்தில் கிள்ளித் தந்த ஆப்பச்சோடா.
தூக்குவாளியில் வடிகஞ்சி.
கறை வந்த அடுப்படியிலிருந்தே
அதற்கான மருந்தும்.

எலுமிச்சையும் கல்லுப்பும் வைத்துத் தேய்த்தால்
சிவப்பு இறங்கி மஞ்சளுக்குத் திரும்பியது.
அவ்வளவுதான், போகவில்லை.
அவசரப்பட்டு அதன்மேலேயே சோடாவைக் கொட்டினேன்.
புஸ்ஸென்று பொங்கி, ஏதோ நடப்பதுபோல் காட்டி,
அடங்கியபோது வாளியில் இருந்தது
ஒன்றுக்கும் ஆகாத தண்ணீர்.
இரண்டையும் தனித்தனியாகத்தான் வேலை வாங்கவேண்டும்,
ஒரே வீட்டில் பெண்ணெடுத்த சகலைகளைப்போல.
மறுபடி அலசி, வெறும் சோடாவில் ஊறவைத்தேன்.
மறுபடி லேசாய் ஒரு வெட்கம்.

குழாயில் வருவது உப்புத்தண்ணீர்.
கடைசி அலசலுக்கு மட்டும்
குடிக்க வைத்திருந்த சம்பை ஊத்துத் தண்ணீர், இரண்டு செம்பு.
ஜபருல்லா தூங்கிவிட்டான், நல்லவேளை.
அதில் நான்கு சொட்டு நீலம்.
கையும் காலரும் முதுகும்
அப்படி ஒரு வெளுப்பு வெளுத்தன.
அதனாலேயே நெஞ்சிலிருந்த கறை
முன்னைவிடத் துலக்கமாய்த் தெரிந்தது.
கஞ்சி போட்டு மின்விசிறிக்குக் கீழே மாட்டிவிட்டுப்
படுத்தேன். நாலரைக்கு வேன்.

வளவில் வரிசையாய் நிறுத்தி
நெஞ்சு நெஞ்சாய்ப் பார்த்துக்கொண்டே வந்தார்
காண்டிராக்டர் சேவுகப்பெருமாள்.
என்னிடம் வந்ததும் வாயைத் திறக்கவில்லை.
நோட்டில் குறித்துக்கொண்டு
வாசலைக் காட்டினார்:
பொட்டலில் போய் நின்று கார்களுக்கு இடம் காட்டு.

எட்டு மணியிலிருந்து நின்றேன்.
சித்திரை வெயில். ஈரம் காயாத சட்டை.
ஒவ்வொரு காரும் ஒரு படி செம்மண்ணை
என்மேல் இறக்கிவிட்டுப் போனது.
கஞ்சிச் சட்டை, தட்டினால் உதிர்ந்தது.
பட்டுப்பாவாடைச் சிறுமி ஒருத்தி
"அங்கிள், உங்க சட்டையில இலங்கை" என்றாள்.
உள்ளே வெள்ளைப் பணியாரம் ஓடுகிற வாசனை.
முதல் பந்தி. கொட்டுச் சத்தம். இரண்டாம் பந்தி.
அதே சிறுமி ஐஸ்கிரீமோடு வெளியே வந்தாள்,
என்னை உற்றுப் பார்த்தாள்,
"இலங்கையைக் காணோமே?"

குனிந்து பார்த்தேன்.
சோப்பும் சோடாவும் எலுமிச்சையும் ராத்திரியெல்லாம் முட்டியும்
அசையாத மஞ்சளை
மூன்றரை மணி நேரத்தில்
வெயில் தின்றிருந்தது.
எனக்குத் தண்டனை என்று கொடுத்த வெயில்.

பன்னிரண்டுக்குள் ஒருத்தன் மயங்கிவிட்டானாம்.
ஆள் வந்து கூப்பிட்டது.
சேவுகப்பெருமாள் என் நெஞ்சைப் பார்த்தார்,
நோட்டைப் பார்த்தார்,
மறுபடி நெஞ்சை.
"வேற சட்டை வச்சிருந்தியா?"
"ஆமாண்ணே."
உண்மையைச் சொன்னால்
அடுத்த கல்யாணத்துக்கு எல்லோரையும்
காலையிலேயே பொட்டலில் காயப்போட்டுவிடுவார்.

அந்த அம்பதைப் பற்றி
அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.
மூன்றாம் பந்திக்கு இலை விழுந்துகொண்டிருந்தது.
அழகு மாஸ்டர் வாளியை நீட்டினார்,
விளிம்பு தளும்ப.
சாம்பார்.